ஆறுக்கு ஒன்பது

ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை இதைவிடக் குறையக்கூடாது என்பது இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அதன் மொழியில் 5 சதுர மீட்டர் பரப்பு, 1.8 மீட்டர் அகலம். அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள் கூடத்தைச் சுற்றிவந்து, கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொண்டே நடந்து, சமையலறை வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றுபோவது இந்த அளவைப் பார்த்துத்தான். குடிபோனபின் நடப்பது எங்கும் ஒன்றே. சுவர் கண்ட இடமெல்லாம் அலமாரி, அதற்கு மேலே பரண், மேடைக்குக் கீழே கம்பிக் கூடைகள், மிஞ்சிய மூலையில் ஒரு ஸ்டாண்டு. இடம் சிறிது, ஆகவே ஓர் அங்குலமும் வீணாகக் கூடாது என்ற நினைப்பு. நினைப்பு நியாயமானதுதான், ஆனால் அது வேறொரு பற்றாக்குறைக்கு மருந்து போடுகிறது. சமைப்பவருக்கு உண்மையில் போதாமல் இருப்பவை மூன்று: காலியாகக் கிடக்கும் மேடை, கைமேல் விழும் வெளிச்சம், புகையை இழுத்துப்போகும் காற்று. இவற்றைக் கொண்டு அளந்தால் ஆறுக்கு ஒன்பது அப்படியொன்றும் சிறிய அறை இல்லை. சொல்லப்போனால் கடைசி இரண்டில் அது பெரிய அறையை முந்திவிடும்.

நிலம் விலையேறியதால்தான் சமையலறை சுருங்கியது என்று நினைக்கிறோம். ஓரளவு உண்மை. ஆனால் இடம் தாராளமாக இருந்த காலத்திலேயே சமையலறையைச் சுருக்கச் சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர், தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869இல் வெளியிட்ட இல்லற நூலில், பெரிய வீட்டுச் சமையலறையையும் நீராவிக் கப்பலின் சமையலறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கப்பலில் ஓரிரண்டு அடி எடுத்துவைத்தால் எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. வீட்டிலோ சாமான் ஓர் இடத்தில், தண்ணீர் ஓர் இடத்தில், அடுப்பு வேறோர் இடத்தில். பெண்ணின் பாதி நேரமும் தெம்பும் நடையிலேயே போகிறது. 1912 முதல் கிறிஸ்டின் ஃபிரெடரிக் இதையே இன்னும் கறாராகச் செய்தார். ஆலைத் தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் வைத்து அளந்த ஃபிரெடரிக் டெய்லரின் முறையை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு பாத்திரம் அலமாரியிலிருந்து அடுப்புக்கும் அங்கிருந்து மேசைக்கும் பிறகு கழுவும் தொட்டிக்கும் போகும் வழியை வரைபடத்தில் கோடாக இழுத்தார். மோசமான சமையலறையில் கோடுகள் நூல்கண்டாகச் சிக்கிக்கொண்டன. நல்லதில் ஒரே திசையில் ஓடின. அவருடைய நூல் சில ஆண்டுகளில் ஜெர்மன் மொழிக்குப் போயிற்று.

அதைப் படித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த ஃபிராங்க்ஃபர்ட் நகரம், எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் உழைக்கும் குடும்பங்களுக்காக வரிசை வரிசையாகக் குடியிருப்புகளை எழுப்பிக்கொண்டிருந்தது. அவற்றுக்காக 1926இல் இவர் வடிவமைத்ததுதான் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. அகலம் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். நம் விதித்தொகுப்பின் குறைந்தபட்ச அகலத்தைவிட ஒரு சாண்கூட அதிகமில்லை. ரயிலில் உணவுப் பெட்டியின் சமையலறையை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் காரணத்தோடு இடம் கொடுத்தார். நறுக்கும் பலகை சன்னலை ஒட்டி. அதன் முன்னே உட்கார்ந்து வேலை செய்யச் சுழல் முக்காலி. நறுக்கிய கழிவு நேரே விழப் பலகையிலேயே ஒரு பள்ளம். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குக் கைப்பிடியும் மூக்கும் வைத்த அலுமினியப் பெட்டிகள். இழுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். மாவுப் பெட்டி மட்டும் ஓக் மரத்தில், அதிலுள்ள துவர்ப்புப் பொருளால் புழு அண்டாது என்று. கூரை விளக்கு தண்டவாளத்தில் நகரும். வேலை எங்கேயோ வெளிச்சம் அங்கே. மரவேலைக்கு நீலப்பச்சை வண்ணம், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்ற நம்பிக்கையில். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளுக்கு இது போயிற்று. இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் வடிவமைத்தபோது தமக்குச் சமையலும் தெரியாது, வீடு நடத்திய பழக்கமும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார். தெரியாததனால்தான் கேட்டும் அளந்தும் செய்திருப்பார் என்று தோன்றுகிறது.

பிற்காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிறு வீடுகளை ஆராய்ந்த குழு வழியாகப் பரவிய முக்கோண விதி இன்றும் எல்லா மாடுலர் கிச்சன் விளம்பரங்களிலும் வருகிறது. அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் கோடுகளால் இணைத்தால் மொத்தச் சுற்று 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆறுக்கு ஒன்பது அறையில் இந்த விதியின் மேல் எல்லையைத் தாண்டவே முடியாது. எப்படி வைத்தாலும் நாலு அடி எடுத்துவைப்பதற்குள் எல்லாம் கைக்கு வந்துவிடும். நடையைக் குறைக்க வேண்டும் என்று அறுபது ஆண்டுகள் பாடுபட்டவர்களின் இலக்கை இந்த அறை கட்டும்போதே எட்டிவிட்டது. பிறகு ஏன் இதில் வேலை செய்வது நெருக்கடியாக இருக்கிறது? மேடையைப் பாருங்கள். ஒன்பதடி மேடையில் சிங்க் இரண்டடி, அடுப்பு இரண்டரை அடி. மீதி நாலரை அடி. அதில் மிக்சி ஓர் அடி, பாத்திரக் கூடை ஒன்றரை அடி, தண்ணீர்ச் சுத்திகரிப்பான் அல்லது குடம் ஓர் அடி, எண்ணெய்த் தூக்கும் உப்புச் சம்படமும் ஊறுகாய்ப் பாட்டிலும் அரையடி. வெங்காயம் நறுக்க மிஞ்சியது அரையடி. அறை சிறிதாக இருப்பது இதற்குக் காரணமாகாது. பத்துக்குப் பன்னிரண்டு சமையலறையிலும் மேடை இப்படித்தான் நிறைகிறது, சற்றுத் தாமதமாக.

காலி மேடை என்பது கணக்குப் போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சிலேட்டு மாதிரி. சமையல் என்பது பல வேலைகள் பின்னிய ஒரு தொடர். ஒன்று கொதிக்கும்போது ஒன்றை நறுக்க வேண்டும், அதற்குள் ஊறவைத்ததை வடித்து எங்காவது வைக்க வேண்டும். அந்த ‘எங்காவது’ இல்லாதபோது ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் இன்னொரு வேலை முளைக்கிறது: இதை நகர்த்து, அதைத் தூக்கு, மூடியைக் கழுவு. நேரம் போவதும் எரிச்சல் வருவதும் இங்கேதான். அதனால் சிறிய சமையலறையில் எடுக்க வேண்டிய முதல் முடிவு எதை எங்கே வைப்பது என்பதாக இருக்கக்கூடாது. தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டடி மேடையை எதற்கும் தருவதில்லை என்பதாக இருக்க வேண்டும். தொட்டியில் கழுவியது அங்கே நறுக்கப்பட்டு அடுப்புக்குப் போகும்; கிறிஸ்டின் ஃபிரெடரிக் இழுத்த கோடு ஒரே திசையில் ஓடும். பாத்திரக் கூடையைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஏற்றலாம். சொட்டும் நீர் தொட்டியிலேயே விழும். மாவரைக்கும் கிரைண்டர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் ஓடுகிறது, அதற்கு அடுப்பின் அண்மையும் தேவையில்லை. அது சமையலறையில் இருக்க வேண்டியதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இறக்கிய சாமானெல்லாம் எங்கே போகும்? இங்கே கணினி அறிவியலிலிருந்து ஒரு முடிவைக் கடன் வாங்கலாம். வரிசையாக அடுக்கிய பொருள்களில் வேண்டியதை முன்னாலிருந்து தேடிக்கொண்டே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆழமான அலமாரியில் டப்பா தேடுவது அச்சாக இதுதான். எடுத்ததைத் திரும்ப வைக்கும்போது பழைய இடத்தில் வைக்காமல் முன்வரிசையில் வைப்பது மட்டுமே விதி. டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜான் ஆகிய இருவரும் 1985இல் இதைப் பற்றி ஒரு வியப்பான உண்மையை நிறுவினார்கள். அடுத்து எது தேவைப்படும் என்பதை முழுக்க முன்கூட்டியே அறிந்த ஒருவர் மிகச் சிறப்பாக அடுக்கினாலும், இந்த எளிய விதியால் ஆகும் தேடல் செலவு அவருடையதைப் போல நெடுங்காலத்தில் இரண்டு மடங்கைத் தாண்டாது. பெயர் ஒட்டி, நிறம் பிரித்து, அகரவரிசையில் அடுக்குகிறவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். விதியின் இன்னொரு பலன், மூன்று மாதத்தில் தாமாகவே பின்னால் ஒதுங்கிய பொருள்கள் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பரணுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போக வேண்டியவை அவை. வரிசை குட்டையாக இருந்தால் தேடலே இல்லை என்பதால், கண்மட்டத்தில் ஒரு டப்பா ஆழமே உள்ள தட்டு, இரண்டடி ஆழமுள்ள அலமாரியைவிட நல்லது. அஞ்சறைப் பெட்டி இந்தத் தத்துவத்தின் உச்சம். ஒரு மூடி திறந்தால் தாளிப்புக்கு வேண்டியதெல்லாம் ஒரு சாண் வட்டத்தில். பின்வரிசை என்ற ஒன்றே இல்லை. லிஹோட்ஸ்கியின் அலுமினியப் பெட்டிகள்கூட அந்த அளவுக்குப் போகவில்லை.

மேடையின் உயரத்தைப் பற்றிப் பேசாமல் மேடையைப் பற்றிப் பேசுவது அரைகுறை. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. நிற்கும்போது முழங்கை தரையிலிருந்து உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதத்தில் இருக்கும்; அதாவது 96 செ.மீ. நறுக்கும் பரப்பு முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோளுக்கு வலி இல்லை. மேடை 34 அங்குலம், அதாவது 86 செ.மீ. என்றால் நறுக்கச் சரி. ஆனால் அதே மேடைமேல் பத்து செ.மீ. உயரத்தில் அடுப்பு, அதன்மேல் பத்து செ.மீ. ஆழத்தில் வாணலி என்றால் வாணலியின் விளிம்பு முழங்கையைத் தாண்டி 106 செ.மீ.க்குப் போய்விடுகிறது. குக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோளைத் தூக்கிக்கொண்டு கிளறுவது அதனால்தான். நறுக்குமிடம் உயர்ந்தும் அடுப்பு இருக்குமிடம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். நம் கட்டுநர்கள் ஒரே கல்லை நேர்கோட்டில் பதித்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க அழகு. புதிதாகக் கட்டுவோர் அடுப்பு மேடையை நாலைந்து அங்குலம் இறக்கலாம். கட்டியாகிவிட்டது என்றால் மேடைக்குள் பதிக்கும் அடுப்பு அந்த நாலு அங்குலத்தைத் திருப்பித் தரும்.

இனி வெளிச்சம். அலங்காரம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி உண்மையில் ஒளியியல்தான். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி சுவரில் பட்டு, அதில் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு, மீதி தெறித்து, மறுபடி இன்னொரு சுவரில் படுகிறது. பட்டதில் 40 சதவீதத்தைத் திருப்பித் தரும் அறையில் இந்தத் தெறிப்புகளையெல்லாம் கூட்டினால் ஒளி ஏறத்தாழ 1.7 மடங்காகும், 70 சதவீதத்தைத் திருப்பித் தரும் அறையில் 3.3 மடங்காகும். வெளிர் சுண்ணமோ வெள்ளை டைல்ஸோ ஒரு ட்யூப் லைட்டை இரண்டாக்கிவிடுகிறது என்று பொருள், மின்கட்டணம் ஏறாமல். சிறிய அறைக்கு இதில் இன்னொரு சலுகை. ஆறுக்கு ஒன்பது அறையின் சுவர், கூரை, தரை மொத்தப் பரப்பு சுமார் 35 சதுர மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டில் அது 59. அதே விளக்கின் ஒளி குறைந்த பரப்பில் பரவுவதால் ஒவ்வொரு சதுர அடிக்கும் கிடைப்பது கூடுகிறது. ஆனால் கூரை நடுவிலோ முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரிலோ விளக்கு இருந்தால் இத்தனை ஆதாயமும் சமைப்பவரின் சொந்த நிழலில் மறைந்துபோகும். காய் நறுக்கும் இடத்தில்தான் அந்த நிழல் விழும். மேல் அலமாரியின் அடியில் முன்விளிம்பை ஒட்டி ஒரு எல்இடி பட்டை போதும். ஃபிராங்க்ஃபர்ட்டின் நகரும் விளக்கு செய்ததை இன்று அது மலிவாகச் செய்கிறது. வயது ஏறிய கண்ணுக்கு இது வசதி என்பதைத் தாண்டிப் பாதுகாப்பு. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண் ஆய்வாளர்களின் மதிப்பீடு.

நிறம் அறையைப் பெரிதாக்கிக் காட்டும் என்று உள்ளலங்காரக்காரர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை? மைன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனைகளில், கூரை வெளிறினால் அறை உயரமாகத் தோன்றியது. சுவர் வெளிறினாலும் தோன்றியது. தரையின் நிறத்தால் ஒரு மாற்றமும் இல்லை. கூரைக்கும் சுவருக்கும் வேறுபாடு காட்ட வேண்டும் என்ற பரவலான அறிவுரைக்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. ஆக, தரையில் உங்கள் விருப்பம்போல் விளையாடலாம். எனக்குப் புரியாதது, மேடைக்குக் கன்னங்கரிய கிரானைட் போடும் மோகம். மெருகேற்றிய கருங்கல் தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது, மீதியைக் கண்ணாடிபோல் கண்ணில் அடிக்கிறது. வேலை நடக்கும் பரப்பே அறையில் மிக இருண்டதாகிவிடுகிறது. அழுக்குத் தெரியாது என்பார்கள். தெரியாத அழுக்கு துடைக்கப்படுவதுமில்லை.

அடுப்புக்கு மேலே திறந்த தட்டுகளில் கண்ணாடிக் குப்பிகளையும் செடிகளையும் பித்தளைச் சாமான்களையும் வரிசைப்படுத்தும் படங்கள் இப்போது எங்கும் தென்படுகின்றன. வேதியியல் அதற்கு எதிராக நிற்கிறது. வதக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் நுண்துளிகளாகக் கிளம்பி அருகிலுள்ள பரப்புகளில் படிகிறது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் அதிகம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது இதே வினையை நம்பித்தான். அடுப்பங்கரையில் அது வேண்டாத வார்னிஷ் ஆகிறது. தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் பழுப்புப் பிசுக்கு. படிந்த அன்றே துடைத்தால் வெந்நீரும் சோப்பும் போதும். மாதக்கணக்கில் விட்டால் சுரண்ட வேண்டும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே பெரும்பகுதி என்பதால் அது இப்படி இறுகுவதில்லை. ஆனால் பிசுக்குக்காக யாரும் எண்ணெய் மாற்றப் போவதில்லை. அடுப்பைச் சுற்றிக் கைநீட்டும் தூரத்துக்கு வழுவழுப்பான, ஒன்றுமே மாட்டாத சுவர் என்பதுதான் அங்கே செய்யத்தக்க ஒரே அலங்காரம். செடியும் பித்தளையும் எதிர்ச்சுவருக்குப் போகட்டும்.

காற்றுக்கு வருவோம், எதிர்ப்புகளில் வலுவானது இங்கிருந்துதான் எழும். சின்ன அறையில் புகை அதிகமாகத்தானே தேங்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14.2 கிலோ உருளை ஒன்றரை மாதம் வருகிறது என்றால் ஒரு வேளைச் சமையலுக்குச் சுமார் 100 கிராம் எரிவாயு. அது எரிந்து 300 கிராம் கரியமில வாயுவையும் 160 கிராம் நீராவியையும் தருகிறது. அந்தக் கரியமில வாயுவின் பருமன் 167 லிட்டர். ஆறுக்கு ஒன்பது அறை, ஒன்பதடிக் கூரை என்றால் உள்ளிருக்கும் காற்று சுமார் 13,750 லிட்டர். அறையை முழுக்க அடைத்துவிட்டால் கரியமில வாயு 1.2 சதவீதத்தைத் தொடும், வெளிக்காற்றில் உள்ளதைப்போல் முப்பது மடங்கு. இதோடு தாளிப்புப் புகை, சுடரின் வெப்பத்தில் பிறக்கும் நைட்ரஜன் டையாக்சைடு, நுண்துகள்கள். ஆக, அடைத்த அறையில் சிறியது தோற்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் விசிறி ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. ஒரு தொட்டியில் ஒரு பக்கம் நல்ல தண்ணீர் விழுந்து, மறுபக்கம் அதே அளவு வெளியேறுகிறது; நொடிக்கு ஒரு சொட்டு நீலம் விடுகிறீர்கள். கடைசியில் தண்ணீர் எவ்வளவு நீலமாகும் என்பதைத் தீர்மானிப்பது சொட்டும் ஓட்டமும்தான். தொட்டி பெரிதா சிறிதா என்பதற்கு அதில் பங்கே கிடையாது. புகையும் அப்படியே. ஒரே அடுப்பு, ஒரே விசிறி என்றால் நிலைகொள்ளும் புகையின் அடர்த்தி எந்த அறையிலும் ஒன்றே.

அளவு வேறோரிடத்தில் பேசும்: அடுப்பை அணைத்தபின் அறை தெளிய எடுக்கும் நேரத்தில். மணிக்கு 400 கன மீட்டர் காற்றைத் தள்ளும் விசிறி என்று வைத்துக்கொண்டால், நம் சின்ன அறையின் காற்று முழுதையும் அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது. காற்று நன்றாகக் கலக்கும் அறையில் ஆறே நிமிடத்தில் புகை இருபதில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மடங்குப் பெரிய அறையில் பன்னிரண்டு நிமிடம். மிளகாய் தாளித்த அறையில் அந்த ஆறு நிமிட வித்தியாசம் தொண்டைக்குத் தெரியும். ஒரு நிபந்தனை உண்டு: வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. விசிறிக்குப் பக்கத்து சன்னலைத் திறந்துவைத்தால் அந்தக் காற்றே குறுக்குவழியில் உள்ளே வந்து வெளியே போய்விடும், புகை இருந்த இடத்தில் இருக்கும். கதவைத் திறந்து வைத்து அடுப்புக்கு மேலே விசிறியைச் சுற்றவிடுவதே முறை. குழாய் இல்லாமல் கரித்தட்டு வழியாகக் காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் சிம்னிகள் வாசனையையும் பிசுக்கையும் ஓரளவு பிடிக்கும். கரியமில வாயுவையும் நீராவியையும் தொடுவதில்லை.

இதெல்லாம் மேற்கத்தியச் சமையலுக்குச் சரி, மாவரைத்து, புளி கரைத்து, நாலு அடுப்பு வேலையை இரண்டு அடுப்பில் செய்கிற நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேள்வியில் ஒரு பாதி நியாயம். நம் சமையலில் பாத்திரங்கள் அதிகம், படிகள் அதிகம். படிகள் அதிகம் என்பதனாலேயே காலி மேடையின் தேவையும் அதிகம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரங்கள், தரையையும் எலியையும் ஒருசேர ஏமாற்றிய உறி, ஏற்கெனவே சொன்ன அஞ்சறைப் பெட்டி ஆகியவை இடத்தை நிமிர்த்தி உயரத்தில் பயன்படுத்தத் தெரிந்த சமையற்கட்டின் கருவிகள்.  அரிவாள்மனையை இங்கே இழுக்க மாட்டேன். அது தரையில் நாலு சதுர அடியைக் கேட்கும் கருவி, நின்று சமைக்கும் அறையில் அதற்கு இடமில்லை. விரும்புகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்து நறுக்குகிறார்கள், அது நல்ல ஏற்பாடும்கூட.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது. ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை பெண்ணை ஒரு பெட்டிக்குள் அடைத்தது, உதவிக்கு வர நினைத்த கணவனுக்கும் பிள்ளைக்கும் அதில் நிற்க இடமில்லை என்று பின்னால் வந்த விமரிசகர்கள் சொன்னார்கள். சரிதான். குடியிருந்தவர்களும் அதை வடிவமைத்தவர் எண்ணியபடி பயன்படுத்தவில்லை. சமையலறையிலேயே சாப்பிட்டுப் பழகியவர்கள் மேசையை உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள், பெயர் பொறித்த பெட்டிகளில் வேறெதையோ போட்டுவைத்தார்கள், அந்தப் பெட்டிகள் குழந்தைகளின் கைக்கும் எட்டின. ஆனால் அந்த நெருக்கடிக்குப் பரப்பைவிட முக்கியமான காரணம், இரண்டு நீளச் சுவர்களிலும் சாமான் வைத்ததுதான். அகலத்தைக் கழித்துப் பாருங்கள். 180 செ.மீ. அறையில் ஒரு பக்கம் மட்டும் 60 செ.மீ. மேடை என்றால் நடுவே 120 செ.மீ.; ஒருவர் குனிந்து கீழறையைத் திறந்தாலும் இன்னொருவர் பின்னால் கடந்துபோகலாம். எதிர்ச்சுவரிலும் 60 செ.மீ. அலமாரி கட்டினால் மிஞ்சுவது 60. ஒருவர் மட்டும் நிற்கலாம், அவரும் குனிய முடியாது. கூடுதலாகக் கிடைத்த அலமாரிக்குக் கொடுத்த விலை, வீட்டில் இரண்டாவது ஆள். எதிர்ச்சுவரில் ஒரு சாண் ஆழத் தட்டுகளும், வேண்டும்போது விரித்து வேண்டாதபோது மடித்துவிடும் பலகை ஒன்றும் போதும். வந்தவர் அங்கே நின்று பூண்டு உரிக்கட்டும்.

இந்த வாதம் முழுவதையும் ஒரு கட்டுநர் கைதட்டி வரவேற்பார் என்பதும் தெரியும். சிறியதே நல்லது என்றால் இன்னும் ஓர் அடி குறைத்துவிடலாமே! குறைக்க முடியாது; மேலே வந்த எண்கள்தான் வேலி. மனித உடம்பு சதுர அடிக்குத் தக்கபடி சுருங்குவதில்லை. மேடைக்கு 60, கடந்துபோக 120 என்பதற்குக் கீழே அகலம் இறங்கினால் நான் சொன்ன எந்த ஆதாயமும் நிற்காது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஆணி அடிக்கவே அனுமதி கிடைக்காது என்பதும் உண்மை; ஆனால் இரண்டடி மேடையைக் காலி செய்யவும், ஒட்டும் பட்டை விளக்கு போடவும், டப்பாவை முன்வரிசையில் வைக்கவும் வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. குடியிருப்பவரால் எக்காலத்திலும் திருத்த முடியாதது ஒன்றே: சன்னல் எங்கே திறக்கிறது என்பது. விற்பனைப் படிவத்தில் சமையலறையின் பரப்பை இரண்டு தசம இடம் வரை அச்சிடுகிறார்கள். இதை யாரும் அச்சிடுவதில்லை. பல அடுக்ககங்களில் அது திறப்பது, கீழிருந்து மேல்வரை எல்லா வீட்டுச் சமையலறைகளும் தங்கள் புகையைத் தள்ளும் அதே குறுகிய இடைவெளிக்குள்தான்.